கைக்கு இதமான ரிவால்வர் எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, சனிக்கிழமை காலைகளில் கோலாலம்பூருக்கு வெளியே ஒரு சுடுதளத்தில் புதியவர்களுக்குப் பக்கத்தில் நின்று உதவுகிறேன். நம் ஆட்களும் நிறையவே வருகிறார்கள். பணவண்டிக்குக் காவல் போகிறவர்கள், ஒரு பல் டாக்டர், காஜாங்கிலிருந்து வரும் டீச்சரம்மா, ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவர். சுட்டு முடித்து பிரிக்பீல்ட்ஸில் பசியாற உட்கார்ந்தால் வாராவாரம் அதே சந்தேகங்கள்தான். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்ன மாதிரியே போட்டிருக்கிறேன்.

1. அங்கிள், ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் கைத்துப்பாக்கிதானே?

இரண்டும் கைத்துப்பாக்கிதான். ரிவால்வரில் தோட்டாக்கள் நடுவில் இருக்கும் சிலிண்டரில் உட்கார்ந்திருக்கும். ஐந்து அல்லது ஆறு அறைகள் இருக்கும். சிலவற்றில் அதற்கு மேலும் உண்டு. விசையை இழுத்தால் சிலிண்டர் ஓர் அறை சுழன்று அடுத்த தோட்டாவைக் குழலுக்கு நேரே கொண்டுவரும். பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள்ளே மேகசின் என்ற பெட்டியில் அடுக்கியிருக்கும்.

இந்தப் பக்கத்துக்கு முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. ரிவால்வரின் கைப்பிடிக்குள் தோட்டா கிடையாது. அதனால் பிடியை முழுவதுமாகக் கழற்றிவிட்டு, உங்கள் கைக்கு ஏற்ற வேறு பிடியை மாட்டலாம். பிஸ்டலில் மேகசினைவிடப் பிடி மெலிய முடியாது. கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வதில் ரிவால்வருக்கு ஈடு இல்லை என்பது என் கட்சி.

2. நம்ம நாட்டுல இதெல்லாம் சட்டப்படி செய்ய முடியுமா?

லைசென்ஸ் இருந்தால் முடியும், இல்லாவிட்டால் நினைக்கவே கூடாது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, போலீஸ் தரும் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. 1971ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டம் இன்னும் கடுமை: சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டுவரை சிறை, அத்தோடு ஆறுக்குக் குறையாத பிரம்படி.

எங்கள் கிளப்பில் புதியவர்கள் சுடுவது கிளப்பின் துப்பாக்கியில், கிளப்பின் கூரைக்குக் கீழே, ஆள் பக்கத்தில் நிற்கும்போதுதான். தோட்டாவை எண்ணிக் கொடுப்போம், சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை எண்ணி வாங்குவோம். ஞாபகார்த்தமாக இருக்கட்டும் என்று ஒரு கூட்டைச் சட்டைப்பையில் போட்ட ஒரு தம்பியை வாசல்வரை துரத்திப் போயிருக்கிறேன். எனவே கீழே 'தேர்ந்தெடுப்பது' என்று நான் சொல்வதெல்லாம் கிளப் மேசையில் இருக்கிற நாலைந்து ரிவால்வரில் எதை எடுப்பது என்பதைப் பற்றித்தான்.

3. எனக்குக் கை சின்னது. அந்தக் குட்டி ரிவால்வரே எனக்குப் போதும்தானே?

நான் அதிகம் கேட்ட கேள்வி இது. அதிகம் பேர் ஏமாறுவதும் இங்கேதான். மேசையில் வரிசையாக வைத்தால் புதியவர்களின் கை தானாகக் குட்டியிடம் போகும். இரண்டு அங்குலக் குழல், அலுமினியக் கலவை உடம்பு, எடை 425 கிராம் பக்கம். தூக்கினால் பொம்மை மாதிரி இருக்கும். சுட்டால்தான் தெரியும் அதன் குணம்.

தோணியிலிருந்து கரைக்குக் குதித்திருக்கிறீர்களா? பெரிய படகு லேசாகத்தான் அசையும். சின்னச் சம்பானிலிருந்து அதே ஆள் குதித்தால் சம்பான் பின்னால் பாயும். துப்பாக்கிக்கும் அதே கணக்கு. .38 ஸ்பெஷல் என்பது ரிவால்வரில் போடும் ஒரு தோட்டா வகை. அதன் வழக்கமான தோட்டாவில் பத்து கிராம் ஈயக் குண்டு விநாடிக்குச் சுமார் 230 மீட்டர் வேகத்தில் போகிறது. துப்பாக்கி ஒரு கிலோ இருந்தால் பின்னால் வரும் ஆற்றல் மூன்று ஜூல் அளவு. 425 கிராம் என்றால் ஏழுக்குப் பக்கத்தில் வந்துவிடும். தோட்டா அதேதான், உங்கள் உள்ளங்கைக்கு வருகிற அடிதான் இருமடங்குக்கு மேல். போதாக்குறைக்குக் குட்டி ரிவால்வரின் பிடியில் சுண்டுவிரலுக்கு இடமே இருக்காது. இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு அந்த அடியை வாங்க வேண்டும்.

குட்டி ரிவால்வர் நாள் முழுக்க இடுப்பில் சுமப்பதற்காகச் செய்தது. சுடுவதற்கு இதமாக இருக்க வேண்டும் என்று செய்ததல்ல. நன்றாகப் பழகியவர்களே அதில் ஒரு பெட்டித் தோட்டாவைச் சுட்டு முடிக்க முகம் சுளிப்பார்கள். சின்னக் கைக்காரர்கள் நடுத்தர உடம்புள்ள, நான்கு அங்குலக் குழல் வைத்த, இரும்பு ரிவால்வரை எடுங்கள். ஒரு கிலோ இருக்கும். பிடியை மட்டும் மெல்லியதாக மாற்றிக்கொள்ளலாம்.

4. பிடி மெல்லிசா இருந்தா போதுமா? விரல் எட்டுதா இல்லையான்னு எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி, டீச்சரம்மா கேட்டது. பிடியின் பின்முதுகிலிருந்து விசைவரை உள்ள தூரம்தான் முக்கியம். துப்பாக்கி காலி என்று சிலிண்டரைத் திறந்து நீங்களும் பார்த்து, பக்கத்தில் நிற்பவரும் பார்த்த பிறகு, குழலைக் குறிப்பலகைப் பக்கமே வைத்துப் பிடியுங்கள். குழல், மணிக்கட்டு, முன்கை மூன்றும் ஒரே கோட்டில் இருக்கட்டும். இப்போது ஆள்காட்டி விரல் விசையில் எங்கே விழுகிறது? விரலின் நுனிச் சதையோ முதல் மூட்டின் மடிப்போ விழுந்தால் சரி. நகத்தின் ஓரம் மட்டும்தான் தொடுகிறது, அல்லது எட்டுவதற்காகக் கையைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டியிருக்கிறது என்றால் அது உங்களுக்குப் பெரியது.

இந்த ஒரு விஷயத்தில் குட்டி உடம்புக்குச் சாதகம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும்: விசை கிட்டத்தில் இருக்கும். அதனால் நடுத்தர உடம்பு எட்டவே இல்லை என்பவர்களுக்கு, சின்ன உடம்பானாலும் முழு இரும்பில், மூன்று நான்கு அங்குலக் குழலோடு வருவதைக் கொடுப்பேன். 700, 800 கிராம் இருக்கும். அலுமினியக் குட்டியைத் தவிர்ப்பதுதான் நோக்கம், சின்ன உடம்பையே தவிர்ப்பதல்ல. பிடி மாற்றும்போதும் பின்முதுகு இரும்பை மூடாமல் திறந்து விடுகிற பிடியைக் கேளுங்கள். முதுகை மூடுகிற ரப்பர் பிடி அடியைத் தாங்கிக்கொள்ளும், ஆனால் சில மில்லிமீட்டர் தூரத்தைக் கூட்டிவிடும்.

5. விசை இழுக்கவே முடியலையே அங்கிள். ரெண்டு விரல் போட்டு இழுக்கட்டா?

வேண்டாம். ரிவால்வரில் இரண்டு விதமாகச் சுடலாம். நேராக விசையை இழுத்தால், அந்த ஒரே இழுப்பில் சிலிண்டர் சுழன்று, ஹேமர் (தோட்டாவின் அடியில் அடிக்கிற சுத்தியல்) பின்னால் போய், விழுந்து அடிக்கும். இது டபுள் ஆக்‌ஷன். விரலுக்கு நான்கரையிலிருந்து ஐந்தரை கிலோ வேலை. ஹேமரைக் கட்டைவிரலால் பின்னால் இழுத்து நிறுத்திவிட்டு விசையைத் தொட்டால் சிங்கிள் ஆக்‌ஷன். ஒன்றரை, இரண்டு கிலோவில் முடிந்துவிடும். இழுப்பும் மயிரிழைதான்.

ஒரு கிலோ துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு ஐந்து கிலோ இழுத்தால் துப்பாக்கி ஆடாமல் எப்படி இருக்கும்? அதனால் முதல் நாள் எல்லாரையும் சிங்கிளில் ஆரம்பிக்கச் சொல்வேன். ஹேமர் இழுக்கும்வரை விரல் விசைக்கு வெளியே, குழல் குறிப்பலகைக்கு நேரே. சுடாமல் ஹேமரை மெல்ல இறக்குவது தனி வித்தை. மனம் மாறினால் அப்படியே வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுங்கள்.

ஆனால் சிங்கிளிலேயே காலம் தள்ளாதீர்கள். டபுள் ஆக்‌ஷன் விசையைத் தயங்கித் தயங்கி இழுத்தால் கனக்கும், ஒரே சீராக இழுத்துக்கொண்டே போனால் இலேசாகும். தையல் மெஷின் மிதிக்கிற மாதிரிதான். இரண்டு மாதத்தில் விரல் பழகிவிடும். ரயில்வேக்காரர் எழுபது வயதில் பழகினார்.

6. சுட்டா கை வலிக்குமா? எந்தத் தோட்டா கேட்கணும்?

.38 ஸ்பெஷலில் 148 கிரெய்ன் வாட்கட்டர் கேளுங்கள். கிரெய்ன் என்பது குண்டின் எடை அளவு. குண்டின் முகம் தட்டையாக இருக்கும், வெடிமருந்து குறைவு, உதையும் மென்மை. காகிதத்தில் பஞ்சிங் மெஷின் போட்ட மாதிரி வட்டமாக ஓட்டை விழும். புள்ளி எண்ணவும் வசதி. அது இல்லாவிட்டால் 158 கிரெய்ன் ஈய உருண்டை முகம். அட்டைப்பெட்டியில் '+பி' என்று போட்டிருந்தால் அழுத்தம் கூடியது என்று பொருள். பழகுகிறவர்களுக்கு அது வேண்டாத வேலை.

மாலையில் உள்ளங்கை லேசாகச் சிவந்திருந்தால் பரவாயில்லை. கட்டைவிரல் அடியில் சுரீரென்று வலித்தால், அல்லது விரல் மரத்தால், அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள். ஐம்பது தோட்டா வாங்கியாயிற்றே என்று முடிக்கப் பார்ப்பவர்கள்தான் கெட்ட பழக்கத்தை வீட்டுக்குக் கொண்டு போகிறவர்கள்.

7. நடுவிரல் மூட்டுல ஒவ்வொரு தடவையும் அடி விழுது. என்ன தப்பு பண்றேன்?

கையைக் காட்டுங்கள் என்பேன். நடுவிரலின் இரண்டாவது மூட்டு தக்காளி மாதிரி சிவந்திருக்கும். விசையைச் சுற்றி இருக்கிற இரும்பு வளையத்தின் பின்புறம் அங்கே வந்து இடிக்கிறது. பழைய மரப் பிடிகளில் வளையத்துக்கும் பிடிக்கும் நடுவே வெற்றிடம் இருக்கும்; விரல் அதற்குள் ஏறிக்கொள்ளும், உதைக்கும்போது மூட்டில் இரும்பு மோதும்.

இரண்டு வைத்தியம். ஒன்று, அந்த வெற்றிடத்தை நிரப்புகிற ரப்பர் பிடி. இன்னொன்று, கையை முடிந்தவரை மேலே ஏற்றி இறுக்கிப் பிடிப்பது. கை கீழே இருந்தால் குழல் உங்கள் கைக்கு மேலே உயரத்தில் இருக்கும். உதைக்கும்போது நெம்புகோல் மாதிரி மேலே புரளும், பிடி கைக்குள் வழுக்கி வரும். மேலே ஏற்றிப் பிடித்தால் உதை முன்கைக்குள் நேராக வரும். ஹேமர் பின்னால் வரும் வழியை மட்டும் கட்டைவிரல் மறைக்கக் கூடாது.

8. ரப்பர் பிடியா, மரப் பிடியா?

கோலாலம்பூர் வெக்கையில் எனக்குச் சந்தேகமே இல்லை, ரப்பர்தான். பத்து மணிக்கே உள்ளங்கை நனைந்துவிடும். பளபளப்பான மரப் பிடி பார்க்க அழகு; வியர்வையில் சோப்புக்கட்டி. மரம்தான் வேண்டும் என்றால் செதுக்குக் கோடு போட்டதை எடுங்கள். ஒரு சின்னத் துண்டு பையில் இருக்கட்டும். சிலிண்டருக்குச் சிலிண்டர் கையைத் துடையுங்கள்.

9. இடது கையை எங்க வைக்கணும்? சினிமாவுல முன்னாடி பிடிக்கிறாங்களே?

இதை மட்டும் மனப்பாடம் பண்ணுங்கள். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி உண்டு, 0.1, 0.2 மில்லிமீட்டர் அளவு. சுடும்போது அதன் வழியே சூடான வாயுவும் ஈயத் துணுக்கும் இரண்டு பக்கமும் கத்தி மாதிரி சீறும். அங்கே விரல் இருக்கவே கூடாது. இடது கை வலது கையின் விரல்கள்மேல் போர்த்திக்கொள்ளட்டும். இரண்டு கட்டைவிரலும் சிலிண்டருக்குப் பின்னாலேயே இருக்கட்டும்.

நம்பாதவர்களுக்காக ஒரு நாள் பழைய துணிக் கையுறையை மணல் மூட்டைமேல் அந்த இடைவெளிக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். .38ஐவிட வலுவான .357 மேக்னம் தோட்டா ஒன்றே ஒன்று. ஓரம் கிழிந்து கருகிவிட்டது. அன்றிலிருந்து பல் டாக்டர் கட்டைவிரலை நான் சொல்லாமலே மடக்கிக்கொள்கிறார். அவருக்கு விரல்தான் சோறு. கண்ணாடி கட்டாயம் என்பதும் இதனால்தான். பக்கத்தில் நிற்பவருக்கும் சேர்த்துத்தான்.

10. .357 ரிவால்வர்ல .38 தோட்டா போடலாமாமே? வெடிச்சிடாதா?

வெடிக்காது. போடலாம். .38 ஸ்பெஷல் 1890களில் வந்தது. 1935இல் .357 மேக்னத்தைக் கொண்டுவந்தபோது அதே குறுக்களவுக் குண்டை வைத்து, கூட்டை மட்டும் மூன்று மில்லிமீட்டர் சொச்சம் நீளமாக்கினார்கள். பழைய .38 துப்பாக்கியில் .357 நுழையக் கூடாது என்பதற்காகத்தான் அந்த நீளம். ஆக .357இல் .38 போகும்; .38இல் .357 போடக் கூடாது.

கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் எங்கள் மேசையிலேயே சுட இதமானது பார்க்கப் பயமுறுத்துகிற பெரிய .357தான். 1.1 கிலோ இரும்பு, அதில் 6ஆம் கேள்வியில் சொன்ன வாட்கட்டர். துப்பாக்கி கையில் லேசாகச் சிணுங்கும், அவ்வளவுதான். கனம் தூக்கித் தோள் நோகிறவர்களுக்கு மட்டும் சரிப்படாது. ஒரே ஒரு கவனம்: நிறைய .38 சுட்டால் அறைக்குள் வளையமாகக் கரி படியும். பிறகு நீளமான .357 இறங்க மறுக்கும். பிரஷ் போட்டுத் தேய்த்தால் போய்விடும்.

11. குழல் எவ்வளவு நீளம் இருந்தா நல்லது?

நான்கு அங்குலம். ஆறு அங்குலத்தில் குறி பார்க்கிற முன் சைட்டுக்கும் (குழல் நுனியில் நிற்பது) பின் சைட்டுக்கும் தூரம் அதிகம், குறி பார்ப்பது துல்லியமாக இருக்கும், ஆனால் முன்பக்கம் கனத்து ஐந்தாவது தோட்டாவுக்குள் கை நடுங்க ஆரம்பிக்கும். இரண்டு அங்குலத்தில் சத்தமும் நெருப்பும் முகத்துக்குக் கிட்டே.

12. உதையைவிட சத்தம்தான் பயமா இருக்கு. அதுக்கு என்ன செய்ய?

கை வலி என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் காதுதான் பிரச்சினை. கைத்துப்பாக்கிச் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். 140க்கு மேல் ஒரே வெடியில் காது பாழாகலாம். எனவே இரட்டைக் காப்பு: உள்ளே நுரை அடைப்பான், மேலே காதுமூடி. அடைப்பானை உருட்டி, காதின் மேல்நுனியை இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது விரியும்வரை அழுத்திப் பிடியுங்கள். சும்மா செருகினால் பயனில்லை. காது அடங்கியதும் "இந்தத் துப்பாக்கி பரவாயில்லையே" என்பார்கள். அதே துப்பாக்கிதான்.

பயத்தில் சுடுமுன்னே கை குலுக்குகிறதா என்று பார்க்க ஒரு வழி: ஆறு அறையில் நடுநடுவே இரண்டு டம்மித் தோட்டாவை நான் போட்டுத் தருவேன். எது எங்கே என்று உங்களுக்குத் தெரியாது. டம்மி வரும்போது 'டக்' என்று சத்தம் மட்டும் வரும், குழலோ சடாரென்று கீழே குத்தும். வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லாருக்கும் குத்தும்.

13. மணிக்கட்டுல ஆபரேஷன் பண்ணியிருக்கு. .22 ரிவால்வர் எடுத்தா கஷ்டமே இருக்காதுதானே?

உதைக்குக் கஷ்டம் இருக்காது. இருக்கிறதா என்றே தெரியாது. ஆனால் விசையில் ஒரு சிக்கல். .22 தோட்டாவில் பற்றும் மருந்து அடிப்பக்க விளிம்பில் இருக்கிறது. அந்த விளிம்பை நசுக்கி அடிக்க ஹேமருக்கு வலுவான சுருள்வில் வேண்டும். அதனால் பல .22 ரிவால்வர்களில் டபுள் ஆக்‌ஷன் இழுப்பு .38ஐவிடக் கனம். மணிக்கட்டுக்கு நல்லது, விரலுக்குக் கெட்டது. 5ஆம் பதிலில் சொன்ன சிங்கிள் ஆக்‌ஷனிலேயே சுடுங்கள். கட்டைவிரலால் ஹேமரை இழுப்பதும் வலித்தால் இடது கட்டைவிரலை வைத்து இழுக்கலாம். ஆனால் முதலில் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.

14. கண்ணாடி போட்டும் முன் சைட் மங்கலா இருக்கே?

நாற்பதைத் தாண்டிய எல்லாருடைய புகார். பார்வை நிற்க வேண்டியது முன் சைட்டில்; குறிப்பலகை மங்கலாகத்தான் இருக்கும், இருக்கட்டும். இரட்டைப் பார்வைக் கண்ணாடியில் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்கத் தலையைத் தூக்கினால் கழுத்து நோகும், பிடியும் குலையும். நீட்டிய கையின் தூரத்தை அளந்து கண்ணாடிக் கடைக்காரரிடம் சொன்னால் அதற்கென்று ஒன்று போட்டுத் தருவார். அதுவரை முன் சைட்டில் ஆரஞ்சுப் பட்டை வைத்த ரிவால்வரை எடுங்கள்.

15. இந்தியாவுல பெண்களுக்குன்னே ஒரு ரிவால்வர் செஞ்சாங்களாமே, அது எப்படி?

கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை 2014இல் கொண்டுவந்த 'நிர்பீக்'. ஆறு தோட்டா, .32 அளவு, 500 கிராம் எடை. சென்னைச் சொந்தக்காரர்கள் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேட்டார்கள். நான் அதைச் சுட்டதில்லை. 3ஆம் பதிலைப் படித்தவர்கள் 500 கிராமா என்று முகம் சுளிக்கலாம். ஆனால் .32 தோட்டா .38ஐவிட நன்றாகவே மென்மையானது. அந்த எடைக்கு அந்தத் தோட்டா பொருத்தம்தான். எடையை மட்டும் பார்க்காமல் எடையையும் தோட்டாவையும் சேர்த்துப் பாருங்கள் என்பதற்கு நல்ல உதாரணம்.

'பெண்களுக்கென்று' என்பதுதான் எனக்கு ஒட்டவில்லை. பெண் கை, ஆண் கை என்று இல்லை; 4ஆம் பதிலில் சொன்ன தூரம்தான். டீச்சரம்மாவின் விரல் என் விரலைவிட நீளம். அவருக்கு வீட்டுக்காரர் ஆசையாகக் காட்டியது குட்டி ரிவால்வரை. அவர் எடுத்தது பெரிய .357ஐ. இப்போது வீட்டுக்காரரும் அதற்குத்தான் வரிசையில் நிற்கிறார்.

16. நான் முழுகாம இருக்கேன். நூர் சுர்யானி எட்டு மாச வயித்தோட ஒலிம்பிக்ல சுட்டாங்களே, நான் வரலாமா?

2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டு வீராங்கனை நூர் சுர்யானி அப்படிச் சுட்டது உண்மை, நமக்கெல்லாம் பெருமை. அவர் சுட்டது 10 மீட்டர் ஏர் ரைபிள். அதில் மருந்து எரிவதில்லை, இந்த வெடிச்சத்தமும் இல்லை. ரிவால்வரில் ஈயப் புகை உண்டு, வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்குக் காதுமூடி மாட்டவும் முடியாது. பிள்ளையைப் பெற்று, பால்குடி மறந்த பிறகு வாருங்கள், மேசை இங்கேயேதான் இருக்கும்.

17. முடிஞ்சிருச்சில்ல, நேரா பசியாறப் போவோமா?

போவோம், ஆனால் கை கழுவிவிட்டு. ஈயத் தூள் விரல் இடுக்கிலும் நகக்கண்ணிலும் இருக்கும். நாமோ தோசையைக் கையால் பிய்த்துச் சாப்பிடுகிற ஆட்கள். பச்சைத் தண்ணீரில், சோப்புப் போட்டு, முழங்கைவரை. பிறகு முகம். சுட்ட சட்டையை வீட்டுக்குப் போனதும் தனியாகத் துவைக்கப் போடுங்கள், பிள்ளைகளைத் தூக்குவது அதற்குப் பிறகு. சுடுதளக் குழாயில் தண்ணீர் வராத நாளில் என் கார் டிக்கியில் ஒரு கேன் தண்ணீர் இருக்கும்.